பிலிப்பு வீடு

மார்ச் 4, செவ்வாய்

மழை. எனக்கு எழுத வராது. பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. ரேடியோவில் செய்தி வாசிப்பது போலப் பேசினால் பிழை வராது என்று மருமகள் ஜெபமலர் சொன்னாள். அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிறேன். என் குரல் தெமோதரை கணினி நிலையத்துப் பெரிய மெஷினுக்குப் போய்ச் சேருமாம். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்வதுதான் மலருக்கு வேலை. மாத முடிவில்தான் நிரந்தரமா இல்லையா என்று தெரியும்.

இன்று வீட்டிலிருந்தே அதற்கு ஏதோ உத்தரவு தட்டினாள். "சூடு போட்டாத்தான் கேக்கும் மாமா" என்றாள்.

"வாயில்லாத சாமானுக்கு எதுக்கும்மா சூடு?"

விழுந்து விழுந்து சிரித்தாள். சூடு என்று ஒரு வார்த்தையாம். அதை முன்னால் போட்டால், தோட்டத்துத் தொரையே வந்து சொன்ன மாதிரி மெஷின் அடங்குமாம்.

வணக்கம்.

மார்ச் 7, வெள்ளி

மலர் சாப்பிடவில்லை. மெஷின் நின்றுவிட்டது. நிலையத்தில் படிக்கும் பிள்ளைகள் செய்த பாடத்தை வைக்க உள்ளே இடமில்லை என்கிறதாம். நிலையத் தலைவர் சுரேஸ் எல்லார் முன்னாலும், "முடியாட்டிச் சொல்லிட்டுப் போம்மா, பண்டாரவளையில ஆள் இருக்கு" என்றாராம்.

இது என்ன பேச்சு? அவ ராத்திரி பகலா அதோட கெடந்தது தெரியுமா அவருக்கு? செய்தி மாதிரிப் பேச வரல இன்னக்கி.

வணக்கம்.

மார்ச் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டாள். இடத்தைத் தின்றது நான்தான்.

பேசி முடித்ததும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டுமாம். நான் வணக்கம் சொல்லிவிட்டு — ரேடியோவில் அப்படித்தானே முடிப்பார்கள்? — போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன். அது நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மழை, பஸ், கோழி, என் குறட்டை, எல்லாம் மெஷினுக்குள்.

"அழிச்சிரும்மா. ஒன் வேலதான் முக்கியம்."

காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாறூக் நானா கடையில என்னயப் பத்திப் பேசியிருக்கீங்க மாமா."

பேசினேன். எனக்கு எதுதான் மறந்தது? மகளாப் பொறந்திருந்தாக்கூட இப்புடி என்னயப் பாக்க மாட்டா என்றுதான் அங்கே சொன்னேன்.

மழையையும் குறட்டையையும் கழித்தாள். என் பேச்சை விட்டுவைத்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

நிலையத்துக்குப் போனேன். "தம்பி, மெஷின நெறச்சது நான். மலர் இல்ல."

சுரேஸ் நம்பவில்லை. மலர் மிச்சம் வைத்திருந்த ஒரு குறட்டையைப் போட்டுக்காட்டினாள்.

"பெரகல ஏத்தத்துல லொறி ஏறுறாப்புல இருக்கு!" என்றார்.

"இனி ஒவ்வொருத்தருக்கும் இம்புட்டு எடம்னு அளவு வச்சிட்டேன் சேர். தாண்ட ஏலாது" என்றாள் மலர்.

"மொதல்ல மாமனாருக்கு வைங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 31, திங்கள்

மலருக்கு வேலை நிரந்தரம்.

சாயந்தரம் மெஷினில் என் இடத்தைக் காட்டினாள். விரல் வைத்து வாசித்தாள். "இது ஹோம். ஹோம்னா வீடு. பக்கத்துல ஒங்க பேரு. பிலிப்பு வீடு."

பெரகலையில் பிறந்தேன், தெமோதரையில் கிழவனானேன். இருந்ததெல்லாம் தோட்டத்து லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். காம்பராவுக்கு நம்பர் உண்டு, பேர் கிடையாது. என் தம்பி போட்ட கடிதம்கூடத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்தது.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

"ஒங்களக் கேக்காம யாரும் உள்ள வர ஏலாது மாமா."

"நீயுமா?"

"நான் சூடு போட்டு வரலாம்."

"சூடெல்லாம் எதுக்கும்மா? நீ சும்மா வா."

வணக்கம். பொத்தானை அமுக்குகிறேன்.