நடுவில் குறைந்த வேகம்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் சோதனைக்கூடத்துக்குப் புது ரக ஸ்பிரிங் வந்தது. பழையதைவிடத் தடிமன், கையில் கனக்கிறது. வழக்கம்போல, என்னோடு இங்கேயே வேலை பார்க்கும் நாத்தனார் எடைகளைத் தொங்கவிட்டு விறைப்பை அளந்து எழுதினாள். நான் அதை, உராய்வில்லாமல் ஓட அடியில் காற்று ஊதும் காற்றுத் தடத்தில் பொருத்தி, நானூறு கிராம் வண்டியை மாட்டி, பத்து சென்டிமீட்டர் இழுத்து விட்டேன். அவள் எழுதிய எண்ணின்படி வண்டி நடுப்புள்ளியை நொடிக்கு நூறு சென்டிமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும். தொண்ணூற்றைந்துதான் வந்தது.

பத்து தடவை விட்டேன். அதே தொண்ணூற்றைந்து.

ஜூன் 4

தடத்தின் மட்டம் சரி. வேகம் பார்க்கும் கருவியும் சரி. இழுத்துப் பிடித்திருக்கும்போது வேகம் இல்லை, ஆற்றல் முழுக்க ஸ்பிரிங்கில். நடுவில் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், அத்தனையும் வேகமாகியிருக்க வேண்டும். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கைக் காணோம். உராய்வு தின்றதா? வண்டி மறுகோடி போய், திரும்ப அதே பத்துக்கு வந்து நிற்கிறதே! வழியில் எதுவும் தொலையவில்லை.

அப்படியானால் தொடங்கிய எண்ணே பொய். அதை எழுதியது யார்?

ஜூன் 5

கேட்டேன். "அளந்துதான் எழுதினேன் அண்ணி" என்றாள். முகம் சிவந்துவிட்டது. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? பதினாறாம் தேதி அவள் வேலை நிரந்தரமாகிறது, அதுவும் என் சிபாரிசில். அளக்காமலே எழுதி என் தலையில் கட்டுகிறாளா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்குச் சந்தேகம் வந்துட்டா உன் நிழலையே திரும்பித் திரும்பிப் பாப்பே" என்றார். தங்கச்சிக்குப் பரிந்து பேசாமல் வேறு யாருக்குப் பேசுவார்?

ஜூன் 6

அவள் அளக்காமலே எழுதுகிறாள் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 9

இன்னொரு சோதனை வேண்டும் என்றார் மேலாளர். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று ஆயிரத்து அறுநூறு கிராம் வண்டியை மாட்டினேன். கணக்குப்படி ஐம்பது. விறைப்பு பொய் என்றால் இங்கும் நூற்றுக்கு ஐந்து குறைந்து, நாற்பத்தேழரை வர வேண்டும்.

நாற்பத்தொன்பது புள்ளி நான்கு.

வண்டியின் எடை ஏறினால் பொய் எப்படிச் சுருங்கும்?

ஸ்பிரிங்! அதுவும் ஓடுகிறதே! ஒரு முனைதான் கட்டிப்போட்டிருக்கிறது, மறுமுனை வண்டியோடு பறக்கிறது. ஆற்றலில் அதற்கும் பங்கு போகாதா? அதன் நூற்றிருபது கிராமில் மூன்றில் ஒரு பங்கை வண்டியோடு சேர்க்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பழைய ஸ்பிரிங் பூ மாதிரி லேசு. விட்டுவிட்டே கணக்குப் போட்டு எனக்குப் பழகிப் போச்சு. முதல் சோதனையின் நானூறோடு நாற்பதைச் சேர்த்துப் போட்டேன். தொண்ணூற்றைந்து. அச்சு அசல்.

பாவி. அவளைச் சொல்லவில்லை, என்னைத்தான்.

ஜூன் 10

காகிதத்தைத் திருப்பிக் கேட்டேன். கணக்கு முழுவதையும் விளக்கினேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுப் பொண்ணுங்கறதால இப்ப மூடி மறைக்கறீங்களோ?" என்றார். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப் போய்விட்டது.

ஜூன் 11

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணி" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஜூன் 17

அடுத்த பெட்டி வந்தது. நாத்தனார் என்னைக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். எடைகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். ஒவ்வொரு அளவையும் எனக்குக் காட்டி, எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். மூன்றாவது ஸ்பிரிங்கில் கால் கடுத்தது. உட்காரலாமா என்று நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நகராதீங்க அண்ணி" என்றாள், தலை நிமிராமல். "அப்புறம் கேட்டா நான் யாரச் சாட்சிக்குக் கூப்பிடுவேன்?"