ஐம்பதை முப்பதாக்கியவளுக்கு

இன்று காலை பழைய கணினி அறையைத் திறந்ததும் பேட்டரிச் சூட்டின் நெடி முகத்தில் அடித்தது. நீ இருந்தபோது அடித்த அதே நெடி. வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரத்தை மாலைக்குள் அணைத்துவிட வேண்டுமாம். அணைக்க வேண்டியவளும் நான்தான்.

நாம் இருவரும் இந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்த புதிது. ஒரு திங்கட்கிழமை, சீட்டு கொடுக்கும் ஜன்னலில் கூட்டம் நெரிந்தது. வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவருக்குச் சீட்டு வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் பிறந்தவர். நம் மென்பொருளோ ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, ஐம்பதுக்குக் கீழே எது வந்தாலும் இரண்டாயிரத்தைச் சேர்த்துவிடும். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பிறந்த அத்தனை பேரும் அதன் கணக்கில் இனிமேல் பிறக்கப்போகிறவர்கள்.

"ஐயா, நீங்க இன்னும் பொறக்கலைன்னு காட்டுதுங்க," என்றான் ஜன்னலில் இருந்தவன்.

"பொறக்காமயேவா சாமி எனக்கு இப்புடி மூச்சு வாங்குது?" என்றார் பெரியவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். நிறுத்திப் பார்க்கலாம் என்றால் மொத்த வரிசையும் நின்றுபோகும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தைத் திறந்தாய். திரை முழுக்க எண்கள். ஐம்பது எத்தனையோ இடத்தில் கிடந்தது. தப்பான ஐம்பதைத் தொட்டால் எல்லாம் போச்சு. ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கம்முனு இரு புள்ள, மூச்சு வுடாத," என்றாய். ஆண்டுக் கணக்கின் எல்லையாக நின்ற ஒரே ஒரு ஐம்பதை முப்பதாக்கினாய். சீட்டு வந்தது. பெரியவர் பிறந்துவிட்டார்.

அந்த முப்பது எங்கேயும் பதிவாகவில்லை. நினைவகத்தில் மட்டும்தான் இருந்தது. "கரண்டு போனா மறந்துரும். மறுக்கா நான் வந்து சொல்லிக் குடுக்கறேன்," என்பாய். இயந்திரம் நின்றபோதெல்லாம் வந்தாய். கடைசியாக அதற்குச் சொல்லிக் கொடுத்த அதே வாரம்தான், அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையைக் கடக்கையில் உன்னை லாரி அடித்தது.

அதற்குப் பிறகு அதை நான் நிற்கவே விடவில்லை. ஜெனரேட்டரில் டீசல் இல்லையென்று சண்டை போட்டிருக்கிறேன். பேட்டரி மாற்றச் சொல்லி அதிகாரி காலில் விழாத குறை. ஐம்பதை முப்பதாக்க எனக்கும் தெரியும்தான். ஆனால் அது நான் எழுதிய முப்பதாகிவிடும். உன் கை வைத்த ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில்தான் தினமும் வேலைக்கு வந்தேன். உனக்குத் தெரிந்தால், "கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு?" என்று திட்டியிருப்பாய்.

புது மென்பொருள் நான்கு இலக்கத்தையும் கேட்டு வாங்குகிறது. உன் முப்பது இனி யாருக்கும் வேண்டாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அணைப்பதற்கு முன் நினைவகத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன். இருந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஆச்சுங்களா மேடம்?" என்று ஒயர்மேன் வாசலிலிருந்து கேட்டார்.

"ஆச்சுங்க," என்றேன்.

அணைத்தேன். இயந்திரத்தின் விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. இனி அந்த முப்பது இருப்பது என் தலைக்குள் மட்டும்தான். அதுவும் ஒருநாள் மறந்துபோகும். மறுக்கா வந்து சொல்லிக் கொடுக்க நீ இல்லை.