இடது சக்கரம் மௌனம் அடைந்த செய்தி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு நீல வண்டியின் முன் இடது சக்கரம், நான்கு மாத இடைவிடாத முனகலுக்குப் பிறகு, போன மாதம் இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு முற்பகல், டோலோன் கணவாயின் உச்சியில் மௌனம் அடைந்தது. நல்ல சேதி கொண்டுவருபவனுக்குப் பரிசு தருவது நம் முன்னோர் வகுத்த சட்டம். என் காலணி அளவு நாற்பத்திரண்டு.

அன்பு மகள் பெர்மெத்துக்கு அத்தாவும் அம்மாவும் எழுதுவது. அத்தா சொல்கிறார், உன் தம்பி ஏர்மெக் எழுதுகிறான். அத்தா கையில் பேனாவைக் கொடுத்தால் அன்பு மகளே என்பதோடு கண் கலங்கிக் கடிதம் முடிந்துவிடும். இங்கே அத்தா நலம், அம்மா நலத்திலும் நலம், பதினோரு ஆடுகள் நலம், பன்னிரண்டாவது எங்கள் வயிற்றில் நலம். கொரியாவில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம், வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு தூங்காதே என்று அம்மா சொல்கிறார், இதைக் கடைசியிலும் ஒருமுறை எழுதச் சொல்லியிருக்கிறார்.

முதலில் அம்மாவின் கண். வலது கண்ணில் புரை அறுக்க பிஷ்கெக் மருத்துவமனையில் திங்கள் காலை எட்டு மணி என்று நாள் கொடுத்திருந்தார்கள், தவறினால் அடுத்த வசந்தம்தான், அதற்குள் இருக்கிற வெளிச்சமும் போய்விடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அதனால் ஞாயிறு விடிந்ததுமே கிளம்பினோம். வசந்தத்தில் முன்பக்க சஸ்பென்ஷனைப் பிரித்தபோது பந்து மூட்டு, ஷாக், நீ அனுப்பிய இரண்டு பேரிங்கில் ஒன்று, எல்லாம் மாற்றியிருந்தோமே, பேரிங்கை வலது பக்கம் போட்டோம், முனகலோ நிற்கவில்லை, அது டயரின் சத்தம் என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். மிச்சமிருந்த பேரிங்கை அம்மா பெட்டியோடு மெத்தை அடுக்கின் உச்சியில் வைத்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் தேநீருக்கு முன் அதுதான் தரிசனம். பேரிங் போனாலும் பேர் போகக் கூடாது அல்லவா.

கணவாயில் ஏறும்போது முனகல் உறுமலாகி, ஸ்டியரிங் நடுங்கி, கருகிய கிரீஸ் நாற்றம் வந்தது. அத்தா ஓரம் கட்டினார். சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் கிழவன் பல் மாதிரி ஆடுகிறது. அத்தா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாதான் "இதே கண்ணோட இத்தனை வருஷம் இருந்தாச்சு, இன்னும் ஒரு குளிர்காலம்தானே" என்றார். அப்போதுதான் தேன்பெட்டி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் ராக்கியா என்று ஒரு அக்கா, கொச்கோர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். இறங்கும்போதே "பின்னாடி நாப்பது பெட்டி தேனீ வச்சிருக்கேன், எல்லாம் சேர்ந்தாலும் உங்க சக்கரம் மாதிரி இரையாது, தூரத்துலேயே கேட்டுது" என்றார். அம்மாவின் கண்ணையும், வசந்தத்தில் பேரிங் மாற்றியதையும் சொன்னோம். எந்தப் பக்கம் மாற்றினீர்கள் என்று கேட்டார், வலது என்றார் அத்தா. "வலப்பக்கம் ஒடிக்கும்போதுதானே கத்துது? அப்ப பாரம் இடதுல. அழுவுறது ஒருத்தன், மருந்து இன்னொருத்தனுக்கா அண்ணே?" என்றார்.

சரி, புது பேரிங்குக்கு மலை உச்சியில் எங்கே போவது? அம்மா மெல்லத் தன் பையை அவிழ்த்தார். நெய் ஜாடிக்கும், வழிக்கு மாவில் பொரித்த போர்சோக் மூட்டைக்கும் நடுவே, பூவேலைத் துணியில் சுற்றி, நீ அனுப்பிய பேரிங். பிஷ்கெக்கில் சித்தியிடம் காட்டப் பெருமைக்குக் கொண்டுவந்தாராம். கொடுக்கும்போதும் "பொண்ணு அனுப்பினது, இதுல போய் கிரீஸ் தடவணுமா" என்று கேட்டார். "தடவலேன்னா இதைப் பாக்கவே கண்ணு இருக்காதும்மா" என்றார் ராக்கியா அக்கா. பிறகென்ன, அவர் ஸ்பானர் கொடுக்க, உன் தம்பி ஹப்பைக் கழற்றி, பழைய வளையத்தைத் தட்டி எடுத்து, கிரீஸ் நிரப்பி, ஒன்றரை மணி நேரத்தில் முடித்தான். அந்த அக்கா எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை, இரண்டு கை போர்சோக் தின்றுவிட்டு ஆசி மட்டும் கேட்டார். அம்மா உள்ளங்கை விரித்து அவர் லாரிக்கும், தேனீக்கும், இதுவரை பிறக்காத அவர் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து வேண்டி முகத்தில் தடவிக்கொண்டார். ஆசி முடிய பேரிங் மாற்றியதில் பாதி நேரம் ஆனது.

திங்கள் காலை ஏழே முக்காலுக்கு மருத்துவமனை வாசலில் இருந்தோம். மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். அம்மா முதலில் அத்தாவைப் பார்த்து "இவ்வளவு நரைச்சிட்டீங்களா" என்றார். அத்தா சிரித்துக்கொண்டே வெளியே போய் வெகுநேரம் வரவில்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதச் சொல்கிறார், மகளுக்கு நன்றி சொல்லக் கூடாதாம், ஆனாலும் எழுது என்கிறார். எழுதிவிட்டேன்.

உன் பாதை வெண்மையாக இருக்கட்டும், நோய் உன் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும், நல்ல மனிதர்கள் எதிரே வரட்டும் என்று இருவரும் கை விரிக்கிறார்கள். வெறும் வயிற்றோடு தூங்காதே.

இங்கே கையெழுத்து வைக்க வேண்டியது. ஆனால் அம்மா இப்போது கண்ணாடி கூட இல்லாமல் படிக்கிறார். உறையில் போடும் முன் "குடுடா, நாலு வருஷமா என்ன எழுதறேன்னு பாக்கறேன்" என்று வாங்கிப் படித்துவிட்டு, என் முன்னே திருப்பி வைத்து, பேனாவையும் என் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே திருத்தம். ஹப்பைக் கழற்றியது ராக்கியா அக்கா. பூட்டியதும் அவர்தான். நான் தேனீக்குப் பயந்து ஒன்றரை மணி நேரமும் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் இருந்தேன். இன்னொன்று, வலப்பக்கம் ஒடிக்கும்போது கத்தினால் இடதை மாற்று என்று நீ வசந்தத்தில் ஃபோனில் தெளிவாகத்தான் பேசி அனுப்பியிருந்தாய். வலப்பக்கம் என்றதும் மிச்சத்தைக் கேட்காமல் அத்தாவிடம் வலது என்று சொன்னவன் நான். டயர் சத்தம் என்றதும் நான்தான். காலணி வேண்டாம் அக்கா.

இப்படிக்கு,
அத்தா, அம்மா, மேற்படி ஏர்மெக்