ஆடி முடிந்தால் விலங்கியல்

ஜூலை 16, புதன்

டி.சி. வாங்கிவிட்டேன். சமயநல்லூர் ரோட்டில் ஒரு வருடம் நான் பயோடெக்னாலஜி படித்ததாக நம்பப்படும் கல்லூரிக்கு ஒரு பெரிய கும்பிடு. ஏழே பேர் என்பதால் பாடப்பிரிவையே மூடுகிறார்களாம். அங்கே ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. பல்பு இல்லை. ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, மேகம் வந்தால் காத்திருப்போம்.

பசுமலையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடத்தில் ஒரே ஒரு இடம் காலி. அங்கே படித்த பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்த மாப்பிள்ளை நன்றாக இருக்கட்டும். என் முதல் வருடப் பாடங்கள் செல்லும் என்று பல்கலைக்கழகமும் எழுதிக் கொடுத்துவிட்டது. இனி விண்ணப்பம், அப்புறம் நேர்முகத் தேர்வு. கடைசித் தேதி ஆகஸ்ட் 8.

கிடைக்காவிட்டால்? பழைய கல்லூரி இனி கிடையாது. அம்மா பீரோவைத் திறந்து என் ஜாதகத்தை எடுப்பாள். அந்தப் பெண்ணைப் போல எனக்கும் கல்யாணம்தான்.

ஜூலை 24, வியாழன்

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதச் சொன்னார். நான் ‘ஆட்டுக்கறிக் கடை, விளாங்குடி’ என்று எழுதினேன். விலங்கியலுக்கு இதைவிடப் பொருத்தமான அப்பா யாருக்கு இருக்கிறார்?

“நாளைக்குத் திருமங்கலம் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போறேன்ல. பசுமலை வழிதான். நானே குடுத்துர்றேன், நீ வெயில்ல அலையாத தாயி” என்றார். கண் கலங்கிவிட்டது. மனுஷன் நல்லவர்தான்.

ஜூலை 27, ஞாயிறு

கடையில் நல்ல கூட்டம். ஆடி என்றால் ஊருக்கே கறி வெறி. கல்லாவில் உட்கார்ந்தபடி இதயத்தின் அறைகளை மனப்பாடம் செய்தேன். வலது மேலறை, வலது கீழறை... ஒருவர் அரைக்கிலோ நெஞ்செலும்பு கேட்டார். “இடது கீழறை” என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, “படிக்குது” என்றார், ‘காய்ச்சல் அடிக்குது’ என்று சொல்லும் குரலில்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கொல்லப்போகிறேன். யாரை என்று எழுத மாட்டேன், சாட்சியாகிவிடும்.

நேர்முகத் தேர்வு எப்போது என்று கேட்கக் கல்லூரிக்குப் போன் போட்டேன். “நாகஜோதி, க/பெ கண்ணுச்சாமியா? அப்படி ஒண்ணும் வரலியேம்மா.” க/பெ இல்லை சார், த/பெ! அதுவும் வரவில்லை. எந்தப் ‘பெ’யும் வரவில்லை.

கடைக்கு ஓடினேன். அப்பா தலைக்கறி வாட்டிக்கொண்டிருந்தார்.

“யப்பா, என் அப்ளிகேஷன் எங்கே?”

“பத்திரமா இருக்கு. சாமி படத்துக்குப் பின்னால.”

“குடுக்கலையா?”

“ஆடியில போயி யாராச்சும் புதுசா ஒண்ணத் தொடங்குவாகளா? ஆவணி பொறக்கட்டும்னு வச்சிருக்கேன்.”

“கடைசித் தேதி போயிருச்சுப்பா!”

“அது சும்மா பயமுறுத்தப் போடுறது. கரண்டு பில்லுக்கும்தான் தேதி போடுறான்.”

டி.சி.யை வாங்கும்போதுகூட, “நாளைக்கு ஆடி, இன்னைக்கே வாங்கிரு” என்று அம்மாதான் விரட்டினாள். விடுவதற்கு ஆடிக்கு முன்னால், சேருவதற்கு ஆடிக்குப் பின்னால். நடுவில் நான் மட்டும் அந்தரத்தில். ஆடியில் ஆட்டை வெட்டலாம், மகள் ஆட்டைப் பற்றிப் படிக்கக்கூடாதா? பாவி மனுஷா. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. அழுதேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெட்கத்தை விட்டு நேரிலேயே போனேன். அலுவலகத்தில் பீமாராவ் சார். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைக்கூட மூடவில்லை.

“ஆடியில மொத்தமே ரெண்டு பேருதாம்மா குடுத்திருக்காங்க. வருசா வருசம் இதே கூத்துதான். பத்தொன்பது வரைக்கும் நீட்டியாச்சு, போர்டைப் பாக்கலையா?”

போர்டைப் பார்த்தேன். மதுரையே என் அப்பாதான்.

வீட்டில் சொன்னதும் அப்பா மீசையைத் தடவிக்கொண்டே, “நாஞ் சொல்லல?” என்றார். கடித்துவிடலாம் போல இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி 3. நேற்று நானே போய்க் கொடுத்தேன். வரிசையில் நின்ற எல்லோர் விண்ணப்பத்திலும் மஞ்சள் தடவியிருந்தது. இன்று சாயங்காலத்தோடு மொத்தம் பதினாலு பேர் என்றார் பீமாராவ் சார் போனில். ஆடியிலேயே கொடுத்திருந்தால், நீட்டிக்காமல் விட்டிருந்தால், மூன்றில் ஒருத்தி. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. சொன்னாலும், “நல்ல நேரத்துக்குக் கூட்டம் வரத்தான் செய்யும்” என்பார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போச்சு.

நேர்முகத் தேர்வில் துறைத்தலைவர் சரண்யாதேவி மேடம் தட்டில் ஓர் ஆட்டு இதயத்தை வைத்தார். தவளையை எல்லாம் இப்போது அறுப்பதில்லையாம், கடையில் வாங்கும் இதயம்தான். “நீளவாக்கில ஒரே வெட்டு. உள்ளே என்னென்ன இருக்குன்னு காட்டு.”

கையில் கத்தி. மேடம் ரத்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்க, நான் வாயால் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாய் பேசினால் என் கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் கறி வெட்டிய பழக்கம். பதிலை முடித்துக் குனிந்து பார்த்தால் எட்டுத் துண்டு. ஒரே அளவு.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “வறுவலா, குழம்பா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் வெட்கம்கூட வரவில்லை. எட்டுத் துண்டையும் எடுத்துப் பழையபடி சேர்த்து வைத்தேன். சுவர் தடித்த துண்டுகள் இடது பக்கம். மெலிந்தவை வலது. இதற்கு இது ஒட்டும், இந்த வழியாகத்தான் ரத்தம் ஏறும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மேடம் ஏதோ எழுதினார். என்ன எழுதியிருப்பார்? ‘கசாப்பு’ என்றா?

பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை ஜன்னலோரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கிடைத்துவிட்டது!!! அம்மா ஜாதகம் இருக்கும் பீரோவின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

புரட்டாசி 2. ஊரே கறியை நிறுத்திவிட்டது. கடையில் ஈயும் தராசும்தான். எங்கள் துறை மட்டும் அப்பாவிடம் ஆறு இதயம் கேட்டிருந்தது. காலை ஒன்பதுக்கே தூக்குவாளியோடு ஆய்வகத்து வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி. சந்தைக்குக்கூட அப்படிப் போனதில்லை.

“உள்ள வாங்கண்ணே” என்றார் மேடம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நான் கத்தியை எடுத்ததும், “ஏத்தா, துண்டு போட்டுறாத” என்றார். வகுப்பே சிரித்தது. மேடம்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே வெட்டு. விரித்துக் காட்டினேன். வால்வைக் கீழிருந்து இழுத்துப் பிடித்திருக்கும் வெள்ளை நூல்கள். அது திரும்பிக்கொள்ளாமல் காப்பது இவைதான் என்றேன். அப்பா குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

“முப்பது வருசமா இத நாருன்னு வழிச்சு எறிஞ்சிருக்கேன்” என்றார் மெதுவாக.

வகுப்பு முடிந்து எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். அவர் அங்கேயே நின்றார். “கடைக்கு நேரமாகலையாப்பா?” என்றேன்.

“புரட்டாசியில எவன் வாரான்? அடுத்தது என்னன்னு காட்டு.”