மட்டி பிழைக்கும் என்று மட்டும் சொன்னவனுக்கு

தோழா,

பொங்கலுக்கு வெள்ளையடிக்க, இராசபாளையத்து வீட்டு முற்றத்தில் இன்று காலை கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றினார்கள். நீர் பட்டதும் சீறிக் கொதித்த தொட்டியின் நெடி என்னை உன்னிடம் கொண்டுபோய் நிறுத்தியது. மூட்டையின் அடியில், சூளைக்குத் தப்பிய மட்டிச் சிப்பியின் ஓடு ஒன்று கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

திருவில்லிபுத்தூர்த் தேரடியில் நான் பேசிய கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். குவளையில் எலுமிச்சைச் சாறு ஊற்றி, மட்டி ஓட்டை அதில் போட்டு, நுரை பொங்குவதைக் காட்டி, "நாளைய கடல் இதுதான்!" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்குமுன் மேடைக்குப் பின்னால் வந்து சிரித்தாய்.

"ஏலே, கடல் என்ன சர்பத்தா? அது இன்னும் அமிலமாகலலே, காரமாத்தான் இருக்கு. கரிப்புகையக் குடிச்சுக் குடிச்சு அந்தக் காரம் கொறைஞ்சுக்கிட்டு வருது. அம்புட்டுதான்."

"அப்ப மட்டி சாகாதா?"

"சிலது பொழைச்சுக்கிடும். ஆனா ஓட்டைக் கட்டவே தெம்பெல்லாம் போயிரும். பொறவு சதை எங்க வைக்கும், முட்டை எங்க போடும்? பொழைக்கும்னு சொன்னா, இதையும் சேத்துச் சொல்லணும்லே."

மம்சாபுரத்தில் பிறந்து கடலாய்வுக்குப் போனவன் நீ. அன்றே குவளையைத் தூக்கி எறிந்தேன். உன் சொல்லையே என் சொல்லாக்கி ஊர் ஊராய்ப் பேசினேன்.

பிறகு, கடலோர ஊர் ஒன்றில் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். மட்டி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். உன்னை அழைத்துவந்தவன் நான். உன்னைக் கண்டதும் ஒருத்தி, "நம்ம சார் வந்துட்டாவ. அவிய சொன்னா கலெக்டரே கேப்பாரு" என்று பூரித்தாள்.

நீ எழுந்தாய். "மட்டிகள் மாறிவரும் கடலுக்கேற்பத் தம்மைத் தகவமைத்துக்கொள்ளும் என்பதே ஆய்வின் முடிவு" என்றாய். அமர்ந்துவிட்டாய்.

"என்ன சார், பாதியில உக்காந்துட்டிய? மிச்சத்தையும் சொல்லுங்க!" என்றாள் அவள். நீ தாள்களை மடித்துப் பையில் வைத்தாய். நான் எழுந்து மிச்சத்தைச் சொன்னேன். "ஆய்வாளரே சொல்லிட்டாரு. மேடைப்பேச்சு இங்க வேண்டாம்" என்றார் அதிகாரி. கூடத்தில் சிரிப்பு எழுந்தது. என் நாவை அதற்குமுன் யாரும் அப்படி முறித்ததில்லை. அந்தப் பெண்களின் கரையில் புதிய புகைக்கூண்டு எழுந்தது. அந்த அனல்மின் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு நீ தலைவனானாய்.

ஒருமுறை பேருந்து நிலையத்தில் மறித்துக் கேட்டேன். "நானும் பொழைக்கணும்லா. நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றாய். உண்மைதான். ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தால் உன்னை வென்றிருப்பேன். உண்மையை வைத்தல்லவா அடித்தாய்! நீயும் தகவமைத்துக்கொண்டவன்தான், தோழா. உள்ளே எவ்வளவு மிஞ்சியது என்று கேட்குமுன் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோயிற்று.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால், இன்றும் மட்டியைப் பற்றிப் பேசினால், "பிழைக்கும்" என்று சொல்லி நிறுத்த என்னால் முடிவதில்லை. நீ விழுங்கிய மறுபாதியை முழுக்குரலில் சொல்லி முடிக்கிறேன். கூட்டத்தில் எவரேனும், "யாருய்யா இதச் சொன்னது?" என்று கேட்டால், "என் தோழன்" என்கிறேன்.

அதுவும் பாதி உண்மைதான்.