அப்பாவின் மூக்கு

மாசி, வியாழன் இரவு

இடம்பெயர்வில அப்பாவின்ர படம் ஒண்டும் மிஞ்சேல்லை. திவசத்துக்கு மாலை போட ஒரு முகம் வேணுமெண்டு அம்மா கேட்டா. அம்மா சொன்ன அடையாளங்களை வைச்சு, குளத்துக் களிமண்ணில அவற்ற தலையைச் செய்யிறன். மண்ணோட வந்த புல்வேரைத் தாடியா விட்டிருக்கிறன். மூக்குக்கு மட்டும் கண்ணாடியில என்ர மூக்கைப் பார்த்தன்.

நேற்று அம்மா பார்த்திட்டு, "ஓம், கொப்பர்தான்" எண்டு அழுதா. எனக்கு நம்பிக்கை வரேல்லை. இண்டைக்கு அவா கிணத்தடிக்குப் போன நேரம் அந்த மூக்கைப் பிடுங்கிப்போட்டு, கை போன போக்கில ஒரு சப்பை மூக்கு வைச்சன். வந்து பார்த்தா. "ஓம், கொப்பர்தான்." திரும்பவும் அழுதா.

சோதிச்சிருக்கக் கூடாது. அப்பா சாகேக்க எனக்கு மூண்டு வயசு. அம்மாவிட்டையாவது அவற்ற முகம் இருக்குதெண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்.

மண் காய்ஞ்சு வெடிக்காமலிருக்க ஈரத்துணியால மூடிப்போட்டு வந்தனான். துணிக்குள்ள இருக்கிறது ஆரெண்டு இந்த வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது.