ஈட்டாவின் பங்கு

செவ்வாய் இரவு, உத்திரமேரூர்.

குறைவாகக் கழித்துவிட்டு, மிஞ்சியதைக் கண்டுபிடிப்பு என்கிறோமா? எனக்குத் தெரியவில்லை.

கனமான அணுக்கருக்கள் முட்டும் கன அயனி மோதலில் வந்த ஃபோட்டான் ஒளித்துகள்களிலிருந்து, பையான், ஈட்டா துகள்கள் சிதைந்து தந்தவற்றைக் கழித்தால் மிஞ்சுபவை மோதலிலேயே பிறந்த நேரடி ஃபோட்டான்கள். என் மாணவி மேரியின் ஆய்வேடே அந்தச் சிறு மிச்சம்தான். ஆனால் ஈட்டாவின் பங்கை அவள் புரோட்டான் மோதலிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாள். கன அயனியில் அது அதிகமாகும்; கழிக்க வேண்டியதும் அதிகமாகும்.

மாலையில் சாலவாக்கத்திலிருந்து போன் செய்தாள். "ஈட்டாவை ஏத்திப் பாரும்மா" என்றேன்.

"ஏத்துனா மிச்சம் பூடும் மேடம். இங்க வூட்ல டாக்டர் மேரின்னு பேனரே அடிச்சிக்கினு கீறாங்க." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன். காலையில் ஏற்றிப் பார்த்து அனுப்பினாள். பிழை வரம்பைத் தாண்டி எதுவும் மிஞ்சவில்லை. ஆய்வேட்டை நிறுத்திவைக்கும்படி துறைக்கு எழுதிவிட்டு அவளை அழைத்தேன். எடுக்கவில்லை. இதுவரை எடுக்கவில்லை.